ஏரிப் பொழுதுபோக்கும் கூடுகட்டும் பறவைகளின் காப்பும்: வேடந்தாங்கலை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

தமிழகத்து நீர்நிலைகளில் மனிதரின் பொழுதுபோக்கும் பறவைகளின் இனப்பெருக்கமும் ஒரே பருவத்தில், ஒரே நீரை நாடி நிகழ்கின்றன. இம்முரண்பாடு இன்று தோன்றியதன்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேடந்தாங்கல் ஊரார் தம் ஏரியில் நிகழ்ந்த வேட்டைக்கு எதிராக அரசிடம் முறையிட்டதிலிருந்து அதன் வரலாற்றைத் தொடங்கலாம். வேட்டை, படகுச் சவாரி, பறவை பார்த்தல் ஆகிய மூன்று பொழுதுபோக்கு வடிவங்களையும் அவற்றை நெறிப்படுத்திய வழக்காறு, ஆணை, சட்டம் ஆகியவற்றையும் இக்கட்டுரை ஒப்புநோக்குகிறது. மழைநீர் ஏரிகளைப் பொறுத்தவரை காலத்தைப் பிரிப்பதைவிட இடத்தைப் பிரிப்பதே பயன்தந்துள்ளது என்பதும், ஆயக்கட்டு உரிமையுடைய ஊரின் ஈடுபாடு இல்லாமல் அப்பிரிவினை நிலைக்காது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: வேடந்தாங்கல், தாங்கல், கவுல், கொடைக்கானல் ஏரி, படகுச் சவாரி, பறவைகள் காப்பிடம், ஆயக்கட்டு, திண்டுக்கல் சமவெளி.

முன்னுரை

சுங்குடிச் சேலை நெசவுக்குப் பெயர்பெற்ற சின்னாளப்பட்டிக்கு மேற்கே, பழனிமலையின் கீழ்ச்சரிவுகளிலிருந்து வரும் நீரைத் தேக்கி நிற்கிறது ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கம். திண்டுக்கல் நகருக்குக் குடிநீர் தருவது இது. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் நீர் ஏறும்போது நீர்க்காகங்களும் கொக்குகளும் நாரைகளும் இங்குத் திரள்கின்றன. விடுமுறை நாட்களில் சுற்றுவட்டார மக்களும் திரள்கின்றனர். இதே மாவட்டத்தில், இதே மலைத்தொடரின் உச்சியில் கொடைக்கானல் ஏரி உள்ளது. அங்குப் படகுச் சவாரியே ஏரியின் முதன்மைப் பயன். சமவெளி நீர்நிலை ஒன்றில் கூட்டம் கூடத் தொடங்கியதும் ‘கொடைக்கானல்போல இங்கும் படகு விட்டால் என்ன?’ என்ற கேள்வி எழுவது இயல்பு. அக்கேள்விக்கு விடை காண, இரு வகை ஏரிகளின் வரலாறும் எவ்வாறு வேறுபட்டன என்பதை அறிய வேண்டும். அவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும் சான்றாக வேடந்தாங்கலை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

தாங்கல் என்னும் நீர்நிலை

வேடந்தாங்கல் செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டத்தைச் சார்ந்த சிற்றூர். ஊர்ப்பெயரை ‘வேடர் தங்கிய இடம்’ என விளக்குவது பெருவழக்கு. எனினும் பெயரின் பின்னொட்டு தனியே நோக்கத்தக்கது. தொண்டை மண்டலத்தில் ‘தாங்கல்’ என்பது சிறிய பாசன ஏரியைக் குறிக்கும் சொல். பழவந்தாங்கல், ஐயப்பந்தாங்கல் முதலிய ஊர்ப்பெயர்களிலும் அது எஞ்சி நிற்கிறது. ஆகவே இவ்வூர்ப்பெயரே நீர்நிலையையும் வேட்டையையும் ஒருசேரச் சுட்டுவதாகக் கொள்ள இடமுண்டு.

ஏறத்தாழ 30 எக்டேர் பரப்புள்ள இவ்வேரி மழையை நம்பியது. நீர் நிறைந்ததும் உள்வாயில் நிற்கும் நீர்க்கடம்பு, கருவேல மரங்களின் அடிப்பகுதி மூழ்கிவிடுகிறது. அம்மரங்களின் மேல் நத்தைகுத்தி நாரை, பாம்புத்தாரா, நீர்க்காகம், வக்கா, வெள்ளை அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், கூழைக்கடா முதலியன கூடு கட்டுகின்றன. மரத்தைச் சூழ்ந்த நீர் கூட்டுக்கு அகழியாக அமைகிறது. நரி, காட்டுப்பூனை, நாய் ஆகியன கூட்டை நெருங்க இயலாது. குஞ்சுகள் பறக்கும் முன் நீர் வற்றினால் இவ்வரண் அகன்றுவிடும். மழை பொய்த்த ஆண்டுகளில் பறவைகள் கூடு கட்டாமல் அகல்வதற்கும் இதுவே காரணம். ஆகவே பறவைக்குத் தேவையானது நீர் மட்டுமன்று. எவரும் நெருங்காத நீர். இந்த ஒரு செய்தியே பின்வரும் வரலாறு முழுமைக்கும் அடிப்படை.

வேட்டையே பொழுதுபோக்காக இருந்த காலம்

ஏரியில் பறவைகளைச் சுடுவது 18, 19ஆம் நூற்றாண்டுகளில் படைவீரர்களும் அதிகாரிகளும் நிலவுடைமையாளர்களும் விரும்பிய விளையாட்டு. வேடந்தாங்கலில் ஆங்கிலப் படைவீரர்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் செங்கல்பட்டு ஜாகீரின் ஆட்சியராயிருந்த லயனல் பிளேசிடம் முறையிட்டனர் என்றும், அவர் வேட்டையைத் தடுத்துக் கவுல் வழங்கினார் என்றும் வரலாறு கூறுகிறது. இது நிகழ்ந்த ஆண்டு நூலுக்கு நூல் சற்றே மாறுபட்டாலும் 1798 என்பதே பெரிதும் வழங்குகிறது. பிளேஸ் ஆட்சியராயிருந்த 1794–1798 காலத்துக்குள் அது அடங்குகிறது. 1858இல் அவ்வுரிமை மீண்டும் உறுதிசெய்யப்பட்டது.

இதன் காலமுதன்மையை உணர உலக நிகழ்வுகள் சிலவற்றை உடன்வைத்து நோக்கலாம். இங்கிலாந்தின் கிழக்குக் கடற்கரைப் பாறைகளில் கூடுகட்டிய கடற்பறவைகளை உல்லாசப் பயணிகள் படகுகளில் சென்று சுட்டு வீழ்த்தினர். அதைத் தடுக்கும் கடற்பறவைகள் காப்புச் சட்டம் 1869இல்தான் இயற்றப்பட்டது. அமெரிக்காவின் ஓக்லாந்து நகரிலுள்ள மெரிட் ஏரி 1870இல் காட்டுயிர்ப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவிலேயே, பரத்பூர் சதுப்பு நிலத்தில் 1938 நவம்பர் 12 அன்று அரசப்பிரதிநிதி லின்லித்கோ பிரபு பங்கேற்ற வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் கொல்லப்பட்டன. வேடந்தாங்கல் காப்பிடமாக ஏற்கப்பட்டது 1936இல். அதற்கு இரண்டாண்டுகளுக்குப் பின்னரும் பறவைகள் மிகுந்த மற்றொரு நீர்நிலை துப்பாக்கிப் பொழுதுபோக்குக்கே ஒதுக்கப்பட்டிருந்தது என்பது கருதத்தக்கது.

கவுலின் பின்னணி

‘கவுல்’ அரபு மூலத்திலிருந்து தமிழ் ஆட்சிவழக்கில் கலந்த சொல். உறுதிமொழி, குத்தகைப் பத்திரம், அரசு அளிக்கும் உரிமைச்சீட்டு எனப் பல பொருளில் அது வழங்கியது. வேடந்தாங்கல் ஆவணம் அச்சொல்லால் குறிக்கப்படுவதே அதன் இயல்பை உணர்த்துகிறது. குடிகளுக்கும் வருவாய் அரசுக்கும் இடையிலான உடன்பாட்டின் மொழியில் அது அமைந்திருக்கிறது.

ஊரார் பறவைகளைக் காத்ததற்கான காரணம் தலைமுறை தலைமுறையாகக் கூறப்பட்டு வருகிறது. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகிறது. அந்நீர் பாயும் நிலத்தில் விளைச்சல் மிகுகிறது என்பதே அது. எச்சத்தில் நைட்ரஜனும் பாஸ்பரசும் செறிந்திருப்பதால் இக்கூற்றுக்கு அறிவியல் அடிப்படையும் உண்டு. இனி ஆட்சியரின் நோக்கைக் காண்போம். பிளேஸ் ஜாகீரின் ஏரிகளைச் செப்பனிடுவதிலும் நிலவருவாயைப் பெருக்குவதிலும் முனைந்தவர். மதுராந்தகம் ஏரி உடையாமல் இராமபிரான் காத்தருளியதைப் பிளேஸ் கண்டதாகக் கூறும் மரபும், ஏரிகாத்த இராமர் கோயிலில் அவர் பெயர் பொறித்த கல்வெட்டும் நாடறிந்தவை. ஒரே ஆட்சியரின் பெயர் ஓர் ஏரியின் கரையோடும் மற்றோர் ஏரியின் பறவைகளோடும் இணைந்து நிற்பது தற்செயலாகத் தோன்றவில்லை. ஏரி வாழ்ந்தால் விளைச்சலும், விளைச்சல் வாழ்ந்தால் வருவாயும் வாழும். ஊராரின் முறையீடு செவிசாய்க்கப்பட்டதற்கு இக்கணக்கும் துணைநின்றிருக்கலாம் என ஊகிப்பது பொருந்தும்.

இங்கு ஒரு கருத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். வேடந்தாங்கல் வரலாற்றை ‘பறவைகள்மேல் அன்பு கொண்ட சிற்றூர்’ என்ற அளவில் மட்டும் எழுதுவது அதன் வலிமையை மறைத்துவிடும். அன்போடு உரிமையும் பயனும் சேர்ந்திருந்தன. ஏரி எங்களது, அதில் வந்து விளையாட வெளியாருக்கு உரிமை இல்லை என்று சொல்லும் நிலையில் ஊர் இருந்தது. பொழுதுபோக்கை வரையறுத்த முதல் குரல் ஆயக்கட்டுதாரர்களின் குரலாகும்.

பொழுதுபோக்குக்கென்றே பிறந்த ஏரி

கொடைக்கானல் ஏரியின் பிறப்பு இதற்கு மாறானது. மதுரை மாவட்ட ஆட்சியராயிருந்த வீர் ஹென்றி லெவிஞ்சு 1863இல் ஓடைகளுக்குக் கரையிட்டு அதனை உருவாக்கினார். தூத்துக்குடியிலிருந்து முதற்படகைக் கொண்டுவந்து விட்டவரும் அவரே. 1890இல் அங்குப் படகுக் கழகம் தோன்றியது. உதகையில் ஜான் சல்லிவன் 1820களில் அமைத்த ஏரியும் காலப்போக்கில் படகுத்துறையாலேயே அறியப்படலாயிற்று. மலைவாழிடங்களில் ஐரோப்பியர் தம் தாயகத்து ஏரிக்கரை வாழ்வை மீண்டும் அமைத்துக்கொள்ள முயன்றதன் விளைவுகள் இவை.

இவ்வேரிகளுக்குச் சமவெளி ஏரியைப்போல மடையும் ஆயக்கட்டும் நெடுங்கால ஊர்வழக்கும் அமையவில்லை. நீர்மட்டம் ஆண்டு முழுவதும் பெரிதும் மாறாது. உள்வாயில் மூழ்கி நிற்கும் மரத்தோப்பும் இல்லை. மக்கள் மிகுதியாக வருவது ஏப்ரல், மே மாதங்களில். அப்போது சமவெளியில் மழைநீர் ஏரிகளின் கூடுகட்டும் பருவம் முடிந்திருக்கும். விடுதலைக்குப் பின் சுற்றுலா ஓர் அரசுத்துறையாக வளர்ந்து, 1971இல் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டபின், மலையேரியின் இவ்வடிவமே ‘ஏரிப் பொழுதுபோக்கு’ என்பதன் பொதுப்படிமமாக மக்கள் மனத்தில் பதிந்தது. பாசன ஏரியிலும் குடிநீர்த் தேக்கத்திலும் அப்படிமத்தைப் பொருத்த முயலும்போதுதான் சிக்கல் எழுகிறது.

கரையில் நின்று காணுதல்

வேடந்தாங்கலில் மூன்றாவது பொழுதுபோக்கு வடிவம் உருவாயிற்று. அது பறவை பார்த்தல். 1936இல் காப்பிடமாக ஏற்கப்பட்டு, 1962இல் வனச்சட்டத்தின் கீழ் வந்து, 1998இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அறிவிக்கப்பட்டு, 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது இவ்வேரி. இந்நெடிய காலத்தில் வந்தோர் தொகை பெருகியது. ஆனால் அவர்கள் நிற்கும் இடம் மாறவில்லை. ஏரிக்கரையின் மேல் நடைபாதை, பார்வைக் கோபுரம், தொலைநோக்கி என்ற அளவோடு ஏற்பாடுகள் நின்றன. கரைக்கு இப்பால் மனிதர், அப்பால் பறவை. பாசனத்துக்காக எழுப்பிய கரையே காப்பு எல்லையாகவும் பயன்பட்டது.

இந்த எல்லை ஏன் இன்றியமையாதது என்பதைப் பறவைகளின் இனப்பெருக்க இயல்பு விளக்கும். கூட்டமாகக் கூடு கட்டும் பறவைகள் அஞ்சினால் கூட்டமாகவே எழும். அடைகாக்கும் பறவை எழுந்த சில நிமிடங்களுக்குள் காகமும் பருந்தும் முட்டையைக் கவர்ந்துவிடக்கூடும். நிழலின்றி வெயில் பட்டால் இறகு முளைக்காத குஞ்சுகள் மாளும். கூடு கட்டத் தொடங்கும் நாட்களில் இடையூறு நேர்ந்தால் பறவைகள் அவ்விடத்தையே கைவிடுவதுண்டு. முக்குளிப்பான், நாமக்கோழி, இலைக்கோழி போன்றவை நீர்த்தாவரங்களின் மேல் மிதக்கும் கூடு அமைப்பவை. இயந்திரப் படகு எழுப்பும் அலையே அவற்றை மூழ்கடிக்கப் போதுமானது. ஆகவே படகில் செல்பவர் தீங்கு எதுவும் கருதாவிடினும் தீங்கு நேர்கிறது.

1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இவ்வுண்மையை ஏற்றுள்ளது. ‘வேட்டை’ என்பதற்கு அச்சட்டம் தரும் வரையறைக்குள் பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதோடு முட்டைகளுக்கோ கூடுகளுக்கோ இடையூறு விளைப்பதும் அடங்கும். 18ஆம் நூற்றாண்டில் ஊரார் தடுக்கக் கேட்டது துப்பாக்கியை. 20ஆம் நூற்றாண்டுச் சட்டம் துப்பாக்கி இல்லாத இடையூறையும் அதே சொல்லின்கீழ்க் கொணர்ந்தது. ஆயினும் நடைமுறையில் சுற்றுலாத் திட்டங்கள் வகுக்கப்படும்போது இவ்வரையறை போதிய கவனம் பெறுவதில்லை.

காலமா, இடமா?

1869ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டம் ஏப்ரல் முதல் ஜூலை முடியும் வரையிலான விலக்குக் காலத்தை வகுத்தது. கூடுகட்டும் மாதங்களில் வேட்டை கூடாது; பிற மாதங்களில் தடை இல்லை. இன்றும் பல நாடுகளில் ஏரிப் பொழுதுபோக்கை நெறிப்படுத்த இம்முறையே கையாளப்படுகிறது. இது நம் சமவெளிக்குப் பொருந்துமா?

தமிழகத்தின் மழைநீர் ஏரிகள் ஐப்பசி, கார்த்திகையில் நிறைகின்றன. நீர் நிறைந்த பின்னரே கூடு கட்டப்படுகிறது. பங்குனி, சித்திரையில் நீர் வற்றும்போது பறவைகளும் அகல்கின்றன. படகு விடத்தக்க அளவு நீர் இருப்பதும் இதே மாதங்களில்தான். மக்கள் ஓய்வாக நீர்நிலையை நாடும் நாட்களும் இவையே. அரையாண்டு விடுமுறையும் காணும் பொங்கலும் முட்டையும் குஞ்சும் கூட்டிலிருக்கும் பருவத்திலேயே வருகின்றன. ஆகவே காலத்தைப் பிரித்து இருவர்க்கும் பங்கிடுவது இங்கு ஏறக்குறைய இயலாதது. படகுக்கு ஒதுக்க வேண்டிய மாதங்களில் ஏரியில் நீர் இராது. எஞ்சும் வழி இடத்தைப் பிரிப்பது. வேடந்தாங்கலின் கரை செய்தது அதுவே.

இடப்பிரிவினை வேறு வடிவங்களிலும் அமையக்கூடும். கருநாடகத்தின் ரங்கன்திட்டு 1940இல் சாலிம் அலியின் வேண்டுகோளை ஏற்று மைசூர் அரசு அறிவித்த காப்பிடம். காவிரியின் திட்டுகளில் பறவைகள் கூடு கட்ட, வனத்துறையின் படகுகளில் வழிகாட்டியுடன் மக்கள் சென்று காண்கின்றனர். படகே கூடாது என்பது பொதுவிதி ஆகாது என்பதை இது காட்டுகிறது. ஆனால் அங்குப் படகு காப்பிட நிருவாகத்தின் கையில் உள்ளது. பறவையைக் காண்பதே சவாரியின் நோக்கம். ஆற்றில் வெள்ளம் வரும்போது படகு நிறுத்தப்படுகிறது. புதுச்சேரி–தமிழ்நாடு எல்லையிலுள்ள ஊசுட்டேரியின் நிலை வேறு. அதன் புதுச்சேரிப் பகுதி 2008இல் பறவைகள் காப்பிடமாயிற்று. பின்னர்த் தமிழ்நாட்டுப் பகுதியும் அவ்வாறே அறிவிக்கப்பட்டது. அதே நீர்ப்பரப்பில் சுற்றுலாப் படகுத்துறையும் இயங்கி வந்துள்ளதால் காப்பும் களிப்பும் நேருக்கு நேர் மோதும் களமாக அது விளங்குகிறது. கரையைப் போன்ற கண்கூடான எல்லை நீரின் நடுவே இல்லாதபோது, எழுத்தில் உள்ள எல்லையைக் காப்பது கடினம் என்பதற்கு அது சான்று.

ஊரின் பங்கு

சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி 1977இல் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. அதனை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகள் அஞ்சாதிருக்கத் தீபாவளியன்றும் வெடி வெடிப்பதில்லை. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் பறவைகள் குளத்து மரங்களில் மட்டுமன்றி வீட்டுப் புழைக்கடை மரங்களிலும் கூடு கட்டுகின்றன; எச்சம் படிந்த குளத்து வண்டலை மக்கள் வயலுக்கு உரமாக எடுக்கின்றனர். இவ்வூர்களில் பொழுதுபோக்கைத் துறந்தவர்கள் ஊர் மக்களே. தம் பிள்ளைகளின் பண்டிகை மகிழ்ச்சியையே அவர்கள் ஒரு பகுதி விட்டுக்கொடுத்துள்ளனர்.

இதற்கு ஈடாக ஊருக்குக் கிடைப்பது என்ன என்ற வினா எழுகிறது. முன்பு எச்சநீர் தந்த விளைச்சல் அதற்கு விடையாயிருந்தது. செயற்கை உரம் எளிதில் கிடைக்கும் காலத்தில், நிலம் மனையாகும் காலத்தில், அவ்விடையின் வலு குறைகிறது. 1998 அறிவிப்பின்படி வேடந்தாங்கல் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் ஆரத்துக்குள் அமைந்த ஊர்களும் வயல்களும் காப்பிடத்தில் அடங்கும். ஏரியில் கூடு கட்டும் பறவை இரை தேடுவது அவ்வயல்களிலும் அண்டை ஏரிகளிலும் என்பதே இதற்குக் காரணம். 2020இல் இவ்வெல்லையை மறுவரையறை செய்யும் முன்மொழிவு எழுந்து, கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. ஊரின் வாழ்வாதாரமும் பறவையின் வாழிடமும் ஒன்றையொன்று தாங்கிய நிலை தளர்ந்தால், கரை ஒன்றே காப்பாக நிற்க இயலாது என்பதை அந்நிகழ்வு உணர்த்துகிறது.

திண்டுக்கல் சமவெளிக்கான பொருத்தப்பாடு

மேற்கண்ட வரலாற்றை ஆத்தூர் நீர்த்தேக்கம் முதலிய திண்டுக்கல் சமவெளியின் நீர்நிலைகளோடு பொருத்திப் பார்க்கலாம். இங்குள்ள கண்மாய்களும் குளங்களும் இயல்பில் வேடந்தாங்கலின் உறவினவே. கொடைக்கானல் ஏரியின் உறவின அல்ல. மழையால் நிறைந்து கோடையில் வற்றுபவை. பாசனமும் குடிநீரும் மீன்பாசி ஏலமும் ஏற்கெனவே உரிமை கொண்டவை. அவற்றில் பொழுதுபோக்கு கடைசியாக வந்து சேரும் விருந்தினர். எனவே அதற்குரிய இடம் கரை. நடைபாதை, நிழல்மரம், பார்வைக் கோபுரம், பறவைகளின் பெயர்ப்பலகை ஆகியவற்றைக் கரையில் அமைப்பதால் பறவைக்குப் பெரிதும் தீங்கில்லை. உள்வாயில் நிற்கும் கருவேல மரங்களை ‘அழகுபடுத்தல்’ என்னும் பெயரில் அகற்றுவதும், இரவு முழுவதும் எரியும் விளக்குகளை நீரை நோக்கி அமைப்பதும், இயந்திரப் படகு விடுவதும் அவ்வாறல்ல.

இதனை மறுப்பார் கூற்றையும் கருத வேண்டும். தறியில் வாரம் முழுவதும் அமர்ந்திருக்கும் நெசவாளர் குடும்பம் மலையேறிச் சென்று படகுக் கட்டணம் செலுத்தும் வசதியுடையதன்று; அருகிலுள்ள நீர்நிலையில் ஒரு மாலைப்பொழுதைக் கழிக்க அவர்களுக்கு உரிமை இல்லையா என்பர். உரிமை உண்டு. அவ்வுரிமையை மறுக்காமல் நிறைவேற்றும் வழியே கரை. கரையில் நடப்பதற்குக் கட்டணம் தேவையில்லை. படகு, அதைச் செலுத்த இயலுபவருக்கே ஏரியைத் திறந்துவிடுகிறது. அவ்வகையில் பறவைக்கு நன்மையான ஏற்பாடே எளிய மக்களுக்கும் நன்மையானது.

முடிவுரை

வேட்டை, படகு, பார்வை என்னும் மூன்று பொழுதுபோக்கு வடிவங்களையும் வேறுபடுத்துவது மனிதருக்கும் கூட்டுக்கும் இடைப்பட்ட தொலைவே. மலையேரியில் அத்தொலைவு ஒரு பொருட்டாயில்லை. சமவெளி ஏரியில் அதுவே உயிர்நாடி. காலத்தால் பிரிக்க இயலாத நீரை இடத்தால் பிரித்தது வேடந்தாங்கல் காட்டிய வழி. அப்பிரிவினையைக் கேட்டுப் பெற்றதும் தாங்கியதும் ஊர். அரசாணையும் சட்டமும் அதனை உறுதிப்படுத்தின. நீர்நிலை ஒன்றில் பொழுதுபோக்குத் திட்டம் வகுக்கும்போது, அந்நீரில் எப்பறவை எம்மாதத்தில் எங்குக் கூடு கட்டுகிறது என்ற கணக்கெடுப்பும், ஆயக்கட்டு ஊர்களின் இசைவும் முதலில் பெறப்பட வேண்டும். திண்டுக்கல் சமவெளியின் கண்மாய்களுக்கு அத்தகைய கணக்கெடுப்பை அருகிலுள்ள கல்லூரிகளின் தமிழ், வரலாறு, விலங்கியல் துறைகள் இணைந்து மேற்கொள்ளலாம். ஊர்ப்பெயரும் வழக்காறும் பறவைப்பெயரும் ஒருங்கே தொகுக்கப்படின், படகு வருமுன் கேள்வி எழுப்பும் வலிமை ஊர்களுக்குக் கிட்டும்.